இனிகோ கேட்ட நிலா

இனிகோவின் ஆதார் அட்டை என் கைப்பையில்தான் இருந்தது. தெரிந்தேதான், "ஒன் அட்டைய மட்டும் காணலியே, இனிகோண்ணே" என்றேன்.

எங்கள் பங்குக் கோயில் முதியோர் சங்கத்தார் நாற்பது பேர் திருவனந்தபுரத்துக்கு விண்வெளி மியூசியம் பார்க்க வந்திருந்தோம். தூத்துக்குடியில் பஸ் ஏறும்போதே எல்லார் அட்டையையும் வாங்கி வைத்தவள் சங்கச் செயலாளர் ஞானசௌந்தரி, அதாவது நான். அட்டை இல்லாதவரைக் காவலாளி உள்ளே விடவில்லை. இனிகோ வாசலிலேயே நின்றுவிட்டான். என் வயிறு குளிர்ந்தது.

1969இல் மனிதன் நிலவில் கால் வைத்த அன்று காலை எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவில் இனிகோ வீட்டில் மட்டும்தான் ரேடியோ. மற்றப் பிள்ளைகள் வருமுன் இடம்பிடிக்க ஓடினேன். பதின்மூன்று வயது இனிகோ வாசல்நடையில் மறித்தான். "கருவாட்டு நாத்தம் ரேடியோவுக்கு ஆவாது. வெளிய போளா" என்று கதவைச் சாத்தினான். அம்மா கருவாடு விற்றுத்தான் எங்களை வளர்த்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூலையிலும், நிலவிலிருந்து வந்த குரலைத் தன் காதால் கேட்டதாக அவன் பெருமையடிப்பான். ஊரே வாய் பிளந்து கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மியூசியத்தில் ராக்கெட் ராக்கெட்டாகப் பார்த்தேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. வெயிலில் நிற்பவனை நினைக்க நினைக்கத்தான் இனித்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்து அட்டையை அவனிடம் நீட்டினேன். "எங்கிட்டதான் இருந்துச்சு. வெளிய நிக்கது எப்படி இருக்குன்னு தெரிஞ்சுதா?"

சண்டைக்கு வருவான் என்று பார்த்தேன். அவன் தலைகுனிந்தான்.

"அன்னைக்கி ரேடியோ பாடவே இல்ல, சௌந்தரி. வால்வு போயிட்டு. ஊரெல்லாம் பீத்தி வச்சிருந்தேன். நீ மொதல் ஆளா வந்து நிக்க. வாய்க்கு வந்ததச் சொல்லி வெரட்டிட்டேன். பொறவு வந்த பிள்ளைகளுக்குக் கதவையே தொறக்கல. நான் ஒண்ணுமே கேக்கல."

ஐம்பத்தாறு வருடம் இல்லாத ஒன்றுக்கா ஏங்கினேன்? அவன்மேல் இரக்கம் வரவில்லை, கோபம்தான் இரட்டிப்பானது. பழுதான பெட்டியை மறைக்க என் அம்மாவின் பிழைப்புதான் கிடைத்ததா இவனுக்கு?

பஸ் கிளம்பியதும் ஜெபமாலை சொல்ல மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். நேராக இனிகோவின் சீட்டுக்குப் போய் அவன் கையில் திணித்தேன்.

"எங்கிட்ட சொன்னத எல்லாருக்கும் சொல்லு."

பஸ்ஸில் இருந்த எல்லா முகங்களும் திரும்பின. அவன் என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தான்.

"எங்கம்மா பேரு சலேத்தம்மா" என்றேன். "அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு ஆரம்பி."