கிரேன் அக்காவின் ஒரே மடக்கு

கன்டெய்னர் நடுவானில் நின்றது.

கீழே நின்று கைகாட்டிக்கொண்டிருந்த கணவன், "இறக்குடி, என்ன யோசனை?" என்று வாக்கிடாக்கியில் கேட்டான். துறைமுகமே அண்ணாந்து பார்த்தது.

கேபினில் கிரேன் அக்காவுக்குக் கை ஓடவில்லை. உடம்பெல்லாம் ஈரமணல் மூட்டையாய்க் கனத்தது. ஒருவழியாக இறக்கிவிட்டு வந்தவளைச் சூப்பர்வைசர் மறித்தார்.

"ரத்தப் பரிசோதனையில தைராய்டு குறைஞ்சிருக்காம். மாத்திரை போடாம ஏமாத்திட்டு ஏன் மேல ஏறுறே? ரத்தம் சரியாகலன்னா அந்த சீட்டு வேற ஆளுக்கு."

அக்கா நேரே டாக்டரிடம் போனாள். கணவனும் ஒட்டிக்கொண்டான்.

"நிஜமாவே மாத்திரை போடறீங்களாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"என்னைக்கூட மறப்பா டாக்டர். மாத்திரையை மறக்கமாட்டா" என்றான் கணவன்.

"எப்படிப் போடுவீங்க? காட்டுங்க."

அக்கா டப்பாவைக் கவிழ்த்து எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் அள்ளினாள். "மேல ஏறிட்டா மதியம்தான் இறங்க முடியும். அதான் ஒரே மடக்கு."

டாக்டரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இந்தப் பெரிய வெள்ளை எதுக்கு?"

"காலுல இரும்பு விழுந்து எலும்பு வரைக்கும் சீழ். வேற ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு மாசமாச்சு."

"சிப்ரோஃப்ளாக்சசின். ஆன்டிபயாடிக். இதோட சேர்த்து முழுங்கினா தைராய்டு மருந்து உடம்புல சரியா சேராது."

"கூட்டணி வச்சே கவுத்திருக்கு" என்றான் கணவன்.

"அப்ப வெள்ளையை விட்டுடறேன்."

"விட்டா காலுக்கு ஆபத்து. ரெண்டும் வேணும். தைராய்டு, எழுந்ததும் வெறும் வயித்துல. வெள்ளை, மதியமும் ராத்திரியும். ரத்தம் சரியாகிற வரைக்கும் தரையில வேலை."

தரையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே அக்காவுக்குப் பூலோகம்தான்" என்று கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரங்கள் ஓடின. கனம் இறங்கியது. கால் ஆறியது. கடைசிப் பரிசோதனையில் தைராய்டு அளவு துல்லியமாய்ச் சரி.

சூப்பர்வைசர் லேசில் விடவில்லை. சோதனைக்கென்று தேடிப்பிடித்து ஒரு ராட்சச டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார். லாரியின் இரும்புச் சட்டத்துக்குள் அது கச்சிதமாக உட்கார வேண்டும்.

அக்கா ஏறினாள். இரும்பு எழுந்தது, திரும்பியது, பூப்போல இறங்கிச் சட்டத்துக்குள் உட்கார்ந்தது. லாரி துளிகூடக் குலுங்கவில்லை. கணவன் கைதட்ட, துறைமுகமே சேர்ந்து தட்டியது.

சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் வாக்கிடாக்கியில் அக்காவின் குரல் கரகரத்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்தது வருது."