ஒன்பதில் நின்ற குமிழ்

1984ஆம் ஆண்டு ஜூலை மாதம் 16ஆம் நாள், திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்குச் சங்கரன்கோவிலில், இருபுறமும் விசைத்தறிக் கூடங்கள் உள்ள ஒரு தெருவின் மாடி வீட்டிற்குச் சென்னையிலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்தது. கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவன் சலாவுதீன், வயது முப்பத்திரண்டு, மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசிப்பவன். தபாலில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, மூன்று வாரங்களுக்கு முன் அவனே அனுப்பிய கேசட். மற்றொன்று, சென்னையிலுள்ள ஒரு பெரிய ஓட்டலின் இசைக் குழுத் தலைவர் எழுதிய கடிதம்.

கடிதம் சுருக்கமானது. "தங்கள் விரல்கள் நன்றாக இயங்குகின்றன. ஆனால் கிதாரின் ஒலி காதைக் குத்துகிறது. எங்கள் கூடத்தில் விருந்தினர் பேசிக்கொண்டே உண்பார்கள். இவ்வொலி அங்கே பொருந்தாது. குறையை நீக்கி 27ஆம் தேதிக்குள் கிடைக்குமாறு மீண்டும் அனுப்பினால் கேட்கிறோம். அதற்குப் பின் வரும் கேசட்டைக் கேட்க இயலாது."

அந்தத் தேதியின் முக்கியத்துவத்தைச் சலாவுதீனும் அவன் மனைவி ரசீதாவும் அறிந்திருந்தனர். சலாவுதீனின் அண்ணன் தாவூது சவூதி அரேபியாவில், தம்மாம் நகரில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தான். தம்பிக்கும் அங்கேயே, எலெக்ட்ரீஷியனுக்கு உதவியாளாக, விசா ஏற்பாடு செய்திருந்தான். ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் பாஸ்போர்ட் பம்பாய்க்குப் போய்ச் சேர வேண்டும். சென்னை ஓட்டல் எடுத்துக்கொள்ளாவிட்டால் தம்மாமுக்குப் போவதாகச் சலாவுதீன் ஒப்புக்கொண்டிருந்தான். அங்கே தங்கும் அறையில் ஆறு பேர். கிதாரைக் கொண்டுவர வேண்டாம் என்று தாவூது முன்னரே எழுதிவிட்டான்.

கேசட் பதிவான முறையைக் கூறிவிட வேண்டும். கிதாரிலிருந்து ஒரு வயர் ஆம்ப்ளிஃபயருக்குச் சென்றது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர், மேசையின் இரு முனைகளிலும் அவனை நோக்கி நின்ற இரண்டு ஒலிப்பெட்டிகளுக்கும், மற்றொன்று நேராக டேப் ரெக்கார்டருக்கும் சென்றன. மைக் இல்லை. தறிச் சத்தம் பதிவில் ஏறக் கூடாது என்பதற்காக இவ்வாறு அமைத்தவன் மூக்காண்டி. ரயில் நிலையச் சாலையில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். குழுவின் ஒலிபெருக்கிகளுக்கும் அவனே பொறுப்பு. ஒலிப்பெட்டிகளைத் தேக்குப் பலகையில் அறுத்து, இணைத்து, துணி கட்டிக் கொடுத்தவனும் அவனே.

அன்று மாலை மூக்காண்டி வந்தான். ஊரில் ஆடி மாத அம்மன் கோவில் கொடை விழாவுக்காகக் கட்டிய ஒலிபெருக்கி ஒன்று தெருமுனையில் பாடிக்கொண்டிருந்தது. அது ஓயும் வரை இருவரும் காத்திருந்தனர். ஓய்ந்தவுடன் மூக்காண்டி கையை உயர்த்தினான்.

"இப்பத்தாம்வே சத்தமில்லாம இருக்கு. கேசட்டப் போடும்."

அப்போது கீழே நாற்பது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதை மூக்காண்டியும் கூறவில்லை, சலாவுதீனும் கூறவில்லை. அத்தெருவில் தறி ஓடுவதை ஒருவரும் சத்தமாகக் கருதுவதில்லை.

கேசட் ஒலிப்பெட்டிகளில் ஓடியது. குறை எதுவும் தென்படவில்லை. ஒவ்வொரு கம்பியும் தெளிவாகக் கேட்டது.

"இதுல என்னவே குத்துது? மெட்ராஸ்காரன் காதுல கொப்புளம் இருக்கும். பாத்துக்கிடச் சொல்லும்" என்றான் மூக்காண்டி.

சலாவுதீன் ஹெட்போனை எடுத்தான். கடந்த பெருநாளுக்குத் தாவூது அனுப்பிய பொருள் அது. காது முழுவதையும் மூடும் தடித்த மெத்தைகள் உடையது. அதை அணிந்துகொண்டு அதே கேசட்டைக் கேட்டான். பத்து விநாடிகளில் கழற்றி மூக்காண்டியிடம் நீட்டினான். மூக்காண்டி அணிந்தான், முகத்தைச் சுளித்தான்.

"யப்பா! பல்லுல ரம்பம் ஓடுத மாதிரில்லா இருக்கு."

"அப்பம் பெட்டி சொல்லுதது நெசமா, இது சொல்லுதது நெசமா?"

"எம் பெட்டி பொய் சொல்லாது வே" என்றான் மூக்காண்டி. ஆயினும் மறுநாள் முதல் சோதிப்பது என்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை கிதாரின் கம்பிகளை மாற்றினர்; வயரை மாற்றினர். ஒலிப்பெட்டியில் நன்றாக இருந்தது, ஹெட்போனில் குத்தியது. புதன்கிழமை, கம்பிகளுக்குக் கீழே உள்ள பிக்கப்பின் இரு திருகுகளைத் தளர்த்தி அதைத் தாழ்த்தினர். ஒலிப்பெட்டியில் சற்று மங்கியது. ஆகவே ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும், முன்னர் எட்டில் இருந்த ட்ரெபிள் குமிழைச் சலாவுதீன் ஒன்பதுக்குத் திருப்பினான். ஒலிப்பெட்டியில் மீண்டும் நன்றாக இருந்தது. ஹெட்போனில் முன்னிலும் அதிகமாகக் குத்தியது. வியாழக்கிழமை மூக்காண்டி ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, சந்தேகத்திற்குரிய இரண்டு கண்டென்சர்களை மாற்றினான். பயன் இல்லை.

ஒவ்வொரு முறையும் முதலில் ஒலிப்பெட்டியைக் கேட்டுக் குமிழை நிறுத்தினர்; பிறகு ஹெட்போனைக் கேட்டுக் குறை கூறினர். இந்த வரிசையை மாற்றிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து சலாவுதீன் வீடு திரும்பியபோது, மூக்காண்டி ஒரு காகிதப் பொட்டலத்துடன் படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே தறிக்கூடத்துக் கழிவு நூல் இருந்தது.

"முடிவு கெட்டியாத் தெரிஞ்சு போச்சு. கோளாறு ஹெட்போன்லதான். அந்த ஊரு சூட்டுக்கும் மணலுக்கும் செஞ்சது; இங்கன ஒத்துக்கிடல. மெத்தைக்குள்ள இத அடைச்சா குத்துதது நின்னுரும்."

ரசீதா அடுக்களை வாசலுக்கு வந்தாள். அத்தெருவில் அனைவரும் பேசுவது போலவே அவளும் குரலை உயர்த்தித்தான் பேசினாள்.

"அண்ணாச்சி! கடல் தாண்டி வந்த சாமான்! தலையணை மாதிரி அடைக்கப் போறியளா?"

"தலையணைக்கு அடைச்சா ஒறக்கம் வரும் தங்கச்சி, இதுக்கு அடைச்சா ஒங்க வீட்டுக்காரருக்கு வேலை வரும்."

மெத்தைகளைப் பிரித்தனர். பிடி பிடியாக நூலை அடைத்தனர். அடைத்துத் தைத்துப் பார்த்தபோது குத்தல் நின்றிருந்தது. ஒலிப்பெட்டியும் ஹெட்போனும் முதன்முறையாக ஒத்துப்போயின. மூக்காண்டி தன் தொடையைத் தட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை, குமிழ் ஒன்பதிலேயே நிற்க, சலாவுதீன் மூன்று பாடல்களைப் பதிவு செய்தான். கேசட்டை உறையிலிட்டு ஒட்டி முகவரி எழுதினான். அதற்குள் அஞ்சலகம் மூடிவிட்டது; இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். வேலை முடிந்ததாக இருவரும் எண்ணினர்.

மறுநாள் ஜூலை 22ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இவ்விடத்தில் ஒன்றை விளக்குவது அவசியம். சலாவுதீனும் ரசீதாவும் கடையநல்லூரிலிருந்து இந்த வீட்டிற்குக் குடிவந்தது தை மாதத்தில். அன்று முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சலாவுதீன் பகலில் வீட்டில் இருந்ததில்லை. குழுவின் கச்சேரிகள் பெரும்பாலும் கல்யாண வரவேற்புகள். ஞாயிறுதோறும் வாசுதேவநல்லூரிலோ கரிவலம்வந்தநல்லூரிலோ ஏதேனும் ஒரு மண்டபம் இருக்கும். விடியும்போதே வண்டி வந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆதலால் அவன் அன்று வீட்டில் இருந்தான்.

காலை எட்டு மணிக்கு ரசீதா அடுக்களையிலிருந்து கூவினாள்: "தேத்தண்ணி ஆறுது!"

எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் குரல், "எனக்கும் சேத்து ஊத்துங்க!" என்றது. ரசீதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சலாவுதீன் தேநீரைக் குடித்துவிட்டுக் கிதாரை எடுத்தான். பதிவு முடிந்துவிட்டது; வாசிப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆம்ப்ளிஃபயரை முடுக்கி, முதல் நாள் நிறுத்திய இடத்திலேயே குமிழ்களை விட்டு, ஆறு கம்பிகளையும் ஒருசேர மீட்டினான்.

ரசீதா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னது இது? தகரத்த அறுக்க மாதிரி! கொஞ்சம் கொறைச்சு வைங்க, காது கூசுது."

"நேத்து வச்ச எடந்தான். தொடவே இல்ல."

"நேத்து இப்படிக் கேக்கலயே."

அவன் மீண்டும் மீட்டினான். அவள் கூறியது சரி. ஒலிப்பெட்டியிலிருந்து வந்த ஒலி, நூல் அடைப்பதற்கு முன் ஹெட்போனில் கேட்ட அதே ஒலி. அவன் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மூக்காண்டியை அழைத்துவரச் சென்றான்.

மூக்காண்டி திருப்புளியோடு வந்தான். "எலி கடிச்சிருக்கும். ராத்திரி பூந்திருக்கும்" என்று கூறிக்கொண்டே ஒலிப்பெட்டியின் பின்பலகையைக் கழற்றினான். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் ஒரு கீறலும் இல்லை. இரண்டாவது பெட்டியையும் கழற்றினான். அதிலும் இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"ஒரே ராத்திரில ரெண்டு பெட்டியும் எப்படிவே கெடும்?"

ரசீதா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். நான் இன்னைக்கு ஒங்ககிட்ட கத்தாமப் பேசுதேன். கவனிச்சியளா?"

மூக்காண்டி அவளைப் பார்த்தான். பிறகு எழுந்து சன்னலருகே சென்றான். தறிக்கூடத்தின் கதவு பூட்டியிருந்தது.

"தறி நிக்கி" என்றான்.

"ஞாயித்துக்கெழமைலா" என்றாள் ரசீதா. "வாரா வாரம் நிக்கத்தான் செய்யும். நீங்க ரெண்டு பேரும் ஊர்ல இருந்தாத்தான தெரியும்."

மூக்காண்டி பின்பலகைகளைத் திரும்ப மாட்டினான். பிறகு சலாவுதீன் ட்ரெபிள் குமிழில் கை வைத்தான். ஒன்பதிலிருந்து எட்டுக்கு வந்தான், ஏழுக்கு வந்தான், ஒவ்வோர் எண்ணிலும் ஒருமுறை மீட்டினான். நான்கில் ஒலி இயல்பாயிற்று. தறிகளின் இரைச்சல் கிதாரின் கூர்மையை விழுங்கிக்கொண்டிருந்தது; அதை மீறிக் கேட்பதற்காக ஆறு மாதங்களாக அவன் குமிழை ஏற்றிக்கொண்டே வந்திருந்தான். தறிச் சத்தத்தைக் கேசட்டுக்குள் விடாமல் தடுத்த இருவரும், அது தம் காதுக்குள் இருந்ததை எண்ணவில்லை. காதை மூடிய ஹெட்போன் ஒன்றுதான் உள்ளதை உள்ளபடி கூறியது. அதன் வாயில் அவர்கள் நூலை அடைத்தனர்.

மூக்காண்டி திடீரென்று சிரித்தான்.

"அதாம்வே நம்ம கச்சேரில முன்வரிசைக்காரன் பூரா மொதப் பந்திக்கே எந்திரிச்சுப் போயிருதான்! நான் சாப்பாடு நல்லாருக்குன்னுல்லா நெனச்சேன்."

"சிரியும். அண்ணன் ஹெட்போன எப்படிச் சரியாக்கப் போறீரு?"

ரசீதா தையலைப் பிரித்தாள். நூலை வெளியே இழுத்தபோது இடப்பக்கத்து மெல்லிய கம்பி ஒன்று நூலோடு சேர்ந்து அறுந்து வந்தது. மூக்காண்டி பற்றவைக்க முயன்றான், முடியவில்லை. வலப்பக்கம் மட்டும் வேலை செய்தது. சலாவுதீன் அந்த ஒரு காதால் கேட்டான். குமிழை நான்கில் நிறுத்தியபோது இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. ஒலிப்பெட்டி சற்று மந்தம். மந்தத்திற்குத் தேக்குப் பலகை காரணம் என்று மூக்காண்டி தானாகவே ஒப்புக்கொண்டான். அது அவனுக்கு எளிதன்று. அதை ஈடுகட்டக் குமிழை மூன்றரைக்கு இறக்கி, பிற்பகல் நான்கு மணிக்குள் மூன்று பாடல்களையும் மீண்டும் பதிவு செய்தனர்.

திங்கட்கிழமை காலை தறிகள் ஓடத் தொடங்கின. அஞ்சலகத்துக்குப் புறப்படுமுன் சலாவுதீன் ஞாயிற்றுக்கிழமைக் கேசட்டை ஒலிப்பெட்டியில் ஒருமுறை ஓட்டினான். போர்வைக்குள் வாசித்தது போல் மங்கிக் கேட்டது. சனிக்கிழமை ஒட்டிய உறையைப் பிரித்து அந்தக் கேசட்டையும் ஓட்டினான். கம்பி கம்பியாகத் தெளிவாகக் கேட்டது. அவன் இரண்டு உறைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றான். காரணம் அனைத்தும் தெரிந்த பின்னும் அவனுடைய காது சனிக்கிழமைக் கேசட்டையே விரும்பியது.

"எத அனுப்பப் போறிய?" என்று ரசீதா கத்திக் கேட்டாள்.

"காது இதச் சொல்லுது."

"காதுதான் நாலு வாரம் முன்னாடியும் சொல்லிச்சு. கேசட்டு திரும்பி வந்துச்சு."

அவன் சனிக்கிழமை உறையை மேசையில் வைத்தான்.

முடிவில் செய்தவை இவை. ஞாயிற்றுக்கிழமைக் கேசட் 23ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குப் பதிவுத் தபாலில் சென்றது. சனிக்கிழமைக் கேசட்டின் பதிவு அன்றே அழிக்கப்பட்டது. ட்ரெபிள் குமிழின் மூன்றரை எண்ணில் ரசீதா நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைத்தாள். வார நாள்களில் எவரும் அதைத் திருப்பக் கூடாது என்றும், பதிவு எதுவாயினும் ஞாயிற்றுக்கிழமையே செய்வது என்றும் தீர்மானித்தனர். ஜூலை 30ஆம் தேதி சென்னையிலிருந்து பதில் வந்தது. மூன்று மாதம் சோதனையாக எடுத்துக்கொள்வதாகவும், ஆகஸ்டு 6ஆம் தேதி நேரில் வருமாறும் எழுதியிருந்தனர். மூன்று மாதத்திற்குப் பின் என்ன என்பது அதில் இல்லை. சலாவுதீன் போவது என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட் பம்பாய்க்கு அனுப்பப்படவில்லை. விசாவை வேறொருவருக்கு மாற்றிவிடும்படி தாவூதுக்குக் கடிதம் எழுதினர்; ஹெட்போனின் இடப்பக்கம் பழுதானதையும் அதிலேயே, காரணம் கூறாமல், தெரிவித்தனர்.