பதினேழாம் நம்பர் ஃப்யூஸ்

பின் இருக்கைகளை மடித்துச் சாய்த்ததும் மெத்தையை உள்ளே தள்ள இடம் கிடைத்தது. அவள் காரின் பின்கதவு வழியாக முழங்காலில் ஊர்ந்து ஏறி, மெத்தையின் மறுமுனையை முன் இருக்கைகளின் முதுகுவரை இழுத்தாள். ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். பக்கத்தில் இன்னொருவர் ஒடுங்கி உட்காரலாம். தரை மேடுபள்ளமில்லாமல் ஒரே மட்டமாக இருந்தது.

"இந்த மட்டத்துக்காக உங்கப்பா ஆறு மாசம் சண்டை போட்டாரு," என்றார் ரேஸ் மாமா. குடையில்லாமல் தூறலில் நின்றுகொண்டிருந்தார். "அடியில பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் போகுது, நடுவுல மேடு வந்துதான் தீரும்னாங்க. குடும்பத்தோட போற வண்டி, பின்னாடி பிள்ளைங்க படுத்துத் தூங்கும், மேடு வரக்கூடாதுன்னு இவரு ஒத்தக்கால்ல நின்னாரு." வலது முழங்காலுக்குக் கீழே இருந்த செயற்கைக் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்கு முன்னாடியே."

வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். காலையில் அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவரிடம் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

அப்பா கார் தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தவர். ரேஸ் மாமா அங்கே சோதனை ஓட்டுநர். வேகமாக ஓட்டுவதால் வந்த பெயரல்ல அது. புது வண்டியை ஆமை போல நகர்த்தி, எந்த மூலையில் என்ன முனகல் என்று தாள் தாளாக எழுதுவார். அதைப் பார்த்து யாரோ கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த நாளில் அவர்கள் இருவரும் ஒரே வண்டியோடுதான் வாழ்ந்தார்கள். நீளமான, விலை உயர்ந்த குடும்ப வண்டி. சாதாரண சாலையில் முன் சக்கரங்கள்தான் இழுக்கும். ஈரத்திலோ சேற்றிலோ அவை நழுவப் பார்த்தால், பின் அச்சுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கியிருக்கும் மெல்லிய தட்டுகள் ஒரு சின்ன மின்சாரப் பம்பின் விசையில் ஒன்றோடொன்று அழுந்திப் பின் சக்கரங்களையும் வேலைக்கு இழுத்துவிடும். அந்தத் தட்டுகள் அப்பாவின் பொறுப்பு. "நழுவுறதுக்கு முன்னாடியே பிடிக்கணும். நழுவினப்புறம் பிடிச்சா அது உதவி இல்ல, ஆறுதல்," என்று சாப்பிடும்போதுகூடச் சொல்லுவார்.

வண்டி விற்பனைக்கு வருவதற்கு நான்கு மாதம் முன்பு, சோதனைத் தடத்தின் ஈரச் சரிவில் முன் சக்கரங்கள் நழுவின. பின் சக்கரங்கள் வேலைக்கு வரவில்லை. வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சுவரில் மோதியது. ரேஸ் மாமாவின் கால் போனது. விசாரித்தவர்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். பழுது எதுவுமில்லை, தரையின் ஈரமே காரணம் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அப்பா மூடவில்லை. குளிரில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகள் ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். அந்தத் தாமதத்தைத் தேடிப் பத்தொன்பது வருடம் நோட்டு நோட்டாக எழுதினார். விபத்துக்கு அடுத்த வருடமே வேலையை விட்டுத் தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அந்த வண்டியில் மட்டும் ஏறவே மாட்டார்.

ரேஸ் மாமாவோ அதே வகை வண்டியைப் பழையதாக வாங்கி, ஆக்சிலேட்டரை இடது காலுக்கு மாற்றிவைத்து ஓட்டினார். அவள் கல்யாணத்துக்குப் பூ கட்டிக்கொண்டு வந்த வண்டி அது. அப்பா அன்றைக்கும் மண்டபத்துக்குப் பஸ்ஸில்தான் வந்தார்.

வழக்கம்போல இந்த ஞாயிறும் ரேஸ் மாமா வந்தார். ஈரல் நோயில் ஐந்து மாதமாகப் படுக்கையில் இருந்த அப்பாவுக்கு இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஊசி போட்டிருப்பதாகவும், மதியம்வரை வலி தெரியாது என்றும் சொல்லியிருந்தாள். அப்பா கண் திறந்து, தெளிவாகவே இருந்தார். அவள் அவருடைய உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். ரேஸ் மாமா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு சொல்லணும். இத்தன நாளும் நாக்கு எழும்பல."

அப்பா அவர் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

"அன்னிக்கு ஃப்யூஸ நான் பிடுங்கிட்டேன் சார். முன் சக்கரம் மட்டும் இழுத்தா வண்டி எப்படிப் போகுது, ரெண்டும் இழுத்தா எப்படிப் போகுதுன்னு வித்தியாசம் பாக்கணும்னு ஆசை. மொத ஓட்டத்துக்குப் பிடுங்கினேன். ரெண்டாவதுக்குத் திருப்பிச் சொருக மறந்துட்டேன். எழுதாம அப்படிச் செய்யக் கூடாதுன்னு தெரியும். இழுவை வண்டியோட வந்தவன் என் கூட்டாளி. ஃப்யூஸ் என் சட்டைப் பையில கெடந்துது. எடுத்துக் குடுத்தேன், யாரும் வர்றதுக்குள்ள அவன் சொருகிட்டான். கால் போனவனுக்கு வேலையும் போயிட்டா யாரு வச்சுக்குவாங்கன்னு பயம். அவனும் போன வருஷம் போய்ச் சேந்துட்டான்."

ஈரத்துணியிலிருந்து தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது. பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்ப்பவள் அவள். ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் வாய் மூடாது, மனிதன் சாப்பிட முடியாது. இந்த வீட்டில் அந்த மயிரிழை எது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கையில் இருந்ததை அவர் முகத்தில் எறிந்திருப்பாள். அதற்குள் அப்பாவின் உதடு அசைந்தது.

"எந்த ஃப்யூஸ்?"

"பதினேழு சார்."

"பதினேழா." அப்பா மேல்கூரையைப் பார்த்தார். உள்ளே எதையோ கூட்டிக் கழிப்பது தெரிந்தது. "அப்ப பம்புக்குக் கரன்ட்டே போயிருக்காது."

"போயிருக்காது சார்."

"தட்டு... அசைஞ்சே இருக்காது."

"அதுமேல ஒரு தப்பும் இல்ல சார். அதான் நான் தைரியமா ஓட்டிட்டுத் திரியுறேன்."

அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடுக்களையிலிருந்து அம்மா கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். மூச்சுத் திணறுகிறதோ என்று தலையைத் தூக்கப் போனாள்.

"இல்லம்மா," என்றாள் அவள். "சிரிக்கிறாரு."

ரேஸ் மாமா எல்லாவற்றையும் அம்மாவிடம் இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார். அம்மா நின்றபடியே கேட்டாள். அப்பா சிரித்து ஓய்ந்து, "வண்டி வெளிய நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்குது சார்."

"தொட்டி மேட்டுக்குப் போலாம்."

குடியிருப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் மண் சாலை அது. மழையில் லாரிகூட ஏறாது. நர்ஸுக்குப் போன் செய்து கேட்டபோது, "அவரு ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்க. இனிமே பத்திரமா வச்சுக்கறதுக்கு என்ன இருக்கு," என்றாள். அவள் போனை வைத்துவிட்டு அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஜன்னல் வழியாக மழையையும், பிறகு ரேஸ் மாமாவையும் பார்த்தாள்.

"எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்ல," என்றாள் அம்மா. "ஆனா அது எங்கயும் போகாது. மழை விட்டுரும். மெத்தைய எடு."

நான்கு முனையிலும் போர்வையைப் பிடித்துத் தூக்கியபோது அப்பா பள்ளிக்கூடப் பை கனம்தான் இருந்தார். அவள் மெத்தைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் அமர்ந்தாள். தெருமுனை வேகத்தடையில் அப்பாவின் தலை குலுங்குமோ என்று அவள் கையைக் கொடுத்தாள். வண்டி அதைத் தாண்டியதே தெரியவில்லை.

"ஸ்பிரிங் யாரு போட்டது?" என்று கேட்டாள் அம்மா, ஏதாவது பேச வேண்டுமென்று.

"அது வேற டிபார்ட்மென்ட்," என்றார் அப்பா பின்னாலிருந்து. குரலில் பழைய கசப்பு இருந்தது. ரேஸ் மாமா தோள் குலுங்கச் சிரித்தார்.

மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினார். எதிரே சாலை வெறும் செம்மண் குழம்பாகக் கிடந்தது. நடுவே தண்ணீர் கோடு போட்டு இறங்கியது.

"ஒரே மூச்சுல ஏத்திடறேன் சார்."

"வேணாம். பாதியில நிறுத்து."

"சார், ஓட்டத்துல போனாத்தான்..."

"நிறுத்தி எடு."

ஓடும் வேகத்தில் எந்த வண்டியும் கொஞ்சம் ஏறிவிடும். சேற்றுச் சரிவின் நடுவில் நின்று, அங்கிருந்து புறப்படுவதுதான் சோதனை. அதை அப்பா அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார். அவர் வலது கையைத் தூக்க முயன்றார். அவள் புரிந்துகொண்டு அந்தக் கையை எடுத்து, மெத்தைக்கு வெளியே வண்டித் தரையில், உள்ளங்கை படியும்படி வைத்தாள். அதன் மேல் தன் கையை வைத்தாள்.

பாதி மேட்டில் வண்டி நின்றது. அம்மா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டாள். ரேஸ் மாமா இடது காலை மெதுவாக அழுத்தினார். முன்னால் சக்கரங்கள் சேற்றைச் சுழற்றும் ஓசை கேட்டது. அரைச் சுற்றுகூட இருக்காது. தரைக்கு அடியில் மிக மெல்லிய ஓர் அதிர்வு அவள் கைக்கும் வந்தது. பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல வண்டி மேலே நகர்ந்தது.

"பிடிச்சிருச்சு," என்றார் அப்பா.

"பிடிச்சிருச்சு சார்."

"இன்னொரு தடவ."

மூன்று முறை நின்று மூன்று முறை எடுத்தார்கள். நான்காவது முறை அப்பா எதுவும் கேட்கவில்லை. ரேஸ் மாமா தானாகவே தொட்டிக்குப் பக்கத்தில் சமதளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுவதும் நனைந்து கிடந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமல் பேசிக்கொண்டே போனாள். அதோ நம்ம மாடி தெரியுது, கொடியில துணிய எடுக்காம வந்துட்டேன், எல்லாம் திரும்பத் துவைக்கணும், அந்தப் பச்சைக் கட்டடம் எப்ப வந்துது, போன வருஷம் இல்லையே.

அவள் கைக்கு அடியில் அப்பாவின் கை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். நெற்றியில் ஐந்து மாதமாக, இல்லை, அதற்கும் வெகு முன்பிருந்தே இருந்த சுருக்கம் இப்போது இல்லை. அம்மா பச்சைக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கட்டும் என்று அவள் இருந்தாள்.

அம்மா முடித்தாள். பின்னாலிருந்து பதில் வரவில்லை என்பதை உணர்ந்து தலையைத் திருப்பினாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கைப்பையின் வாரை ஒருமுறை நேராக்கிக்கொண்டாள்.

"வலிச்சுதா?"

"இல்லம்மா."

அம்மா தலையாட்டினாள். ரேஸ் மாமா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. யாரும் அவரைத் தேற்றவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. அவர் நிமிர்ந்து மூக்கைத் துடைத்த பிறகுதான், "மாமா, இறக்கத்துல மெதுவாப் போங்க," என்றாள் அவள்.

மறுநாள் காலையில் எல்லாம் முடிந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அந்த நிலையில் இருந்தவரை வெளியே தூக்கிக்கொண்டு போனது சரியா என்று அப்பாவின் தம்பி கேட்டார். அம்மா அவரிடம், பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா என்று விசாரித்தாள்.

ரேஸ் மாமா கடைசியில் வந்து வாசலில் நின்றார்.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்க," என்றாள் அம்மா.

"சரிங்க."

"ஒரேயடியா வராம இருந்துடாதீங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

அவளுக்குப் பயங்கரமாகப் பசித்தது. அடுக்களையில் நின்றபடியே சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டாள். போதாமல் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கும் ஒரு தட்டில் போட்டு முன்னறைக்கு எடுத்துப் போனாள். வாடகைக் கட்டிலை மடித்து எடுத்துப் போய்விட்டதில் அறை பெரிதாகியிருந்தது. நடுத்தரையில், வெயில் விழுந்த இடத்தில், தலையணைகூட இல்லாமல் அம்மா கையையும் காலையும் பரப்பிப் போட்டுக் குறட்டைவிட்டுக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். கண்ணாடியை மெதுவாகக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள்.