புதன்கிழமை மண்டபம் கேட்டவர்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. திருவனந்தபுரத்தில் பட்டம் என்கிற பகுதியில் ஒரு சர்ச் மண்டபத்தின் மாடியில், குடியை விட நினைப்பவர்கள் புதன்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கதைக்கு விவரம் சேகரிக்கப் போனேன். விவரத்துக்கு மட்டும்தான். மண்டபத்து ஆபீஸில் இருக்கும் ஜெபமலர், அங்கே வந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். பேர், தெரு எதுவும் சொல்லவில்லை. அங்கே அதுதான் வழக்கம். அதையெல்லாம் நான் போட்டுக்கொண்டேன்.

2.

தொடக்கம் ஒன்று: விடாமல் மழை பெய்த அந்த மாலையில், வன்னியபெருமாளின் நெஞ்சுக்குள்ளும்

[வேண்டாம். அன்று மழையே இல்லை.]

தொடக்கம் இரண்டு: ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடை ஒன்றில் வன்னியபெருமாளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. அந்தக் கடைகளில் ஒரு முறை உண்டு. வேண்டியதை முதலில் கேட்கக் கூடாது. மிளகாய் வத்தலுக்கு வந்தவர் மல்லியை விசாரிப்பார், சீரகத்தை முகர்ந்து பார்ப்பார், கிளம்பும்போது போகிற போக்கில் "வத்தல் எப்படி?" என்பார். ஆசை தெரிந்தால் விலை ஏறிவிடும். இவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் முதலில் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்.

[இது பரவாயில்லை. இருக்கட்டும்.]

3.

அவருக்கு வேண்டியது என்ன என்பதை நானே சொல்லிவிடுகிறேன். அவர் சொல்ல மாட்டார்.

மகள் நீது எட்டாம் வகுப்பு. அப்பா வலியசாலை வீட்டின் முன்னறையில் பகலிலேயே கவிழ்ந்து கிடக்க, பள்ளியில் அவள் "அப்பா கல்ஃபில் இருக்கார்" என்று சொல்லிவைத்திருந்தாள். ஒருநாள் மனைவி வடிவாம்பாளின் போனை அவர் எடுத்தபோது டீச்சர், "நீதுவோட அச்சனா? கல்ஃபிலேருந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டார். தாம் வெளிநாட்டில் இருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் கல்ஃபிலிருந்து திரும்பியாக வேண்டும். நான்கு நாளாகத் தொடவில்லை. ஐந்தாம் நாளைத் தனியாகத் தாண்ட முடியாது என்று பயந்துபோயிருந்தார்.

4.

"என்ன வேணும் சாரே?" என்றார் ஜெபமலர்.

வன்னியபெருமாள் மாடிப்படியின் பக்கம் திரும்பவே இல்லை. "ஹால் வாடகைக்குக் கிட்டுமா?"

"கல்யாணமா?"

"ஆமா. பொண்ணுக்கு. சிங்க மாசத்துல, நம்ம ஆவணியில." மாதத்தைச் சொன்னதும் தெம்பு வந்துவிட்டது. பந்திக்கு எத்தனை இலை போடலாம், வண்டி எங்கே நிறுத்துவது என்றெல்லாம் விசாரித்தார். கடைசியில், போகிற போக்கில், "மேலே ஒரு ரூம் இருக்காமே?" என்றார்.

"மேலே ஆளு வர்ற நேரம். பொண்ணு என்ன செய்யுது?"

"எட்டாங்கிளாஸ்."

[இங்கே அவருக்கு ஒரு நல்ல பொய் கொடுத்துப் பார்த்தேன். 'பேங்கில் வேலை' என்று எழுதி அடித்தேன். மகளைப் பற்றி அவருக்குப் பொய் வரவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய பொய்யை அவள் ஒருத்தியே சொல்லியாகிவிட்டது.]

ஜெபமலர் பேனாவை மூடினார். "நெத்தி நிறையத் துன்னூறு பூசிட்டு சர்ச் ஹால்ல கல்யாணம்னு கேட்டப்பவே விளங்கிச்சு சாரே. புதன்கிழமை வாறவங்க யாரும் நேரா கேக்கறதில்ல. ஒருத்தர் பெயிண்டடிக்க அளவெடுக்கணும்னு வந்தாரு. இப்ப மேலே அவருதான் சாயா போடறது. இன்னொருத்தர் கதை எழுத விவரம் வேணும்னு மூணு புதனா வாறாரு. இன்னும் படி ஏறல."

[அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டிவிட நினைத்தேன். இதை எனக்குச் சொல்லும்போது ஜெபமலர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.]

5.

முடிவு அ: வன்னியபெருமாள் படியேறினார்.

முடிவு ஆ: அவர் கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடித்தார். இறங்கி நடந்தால் மதுக்கடை. வரிசையில் அவருக்கு முன்னால்

[இதை எழுதி முடிக்க எனக்குத் தைரியமில்லை.]

"அப்புறம் அவர் ஏறினாரா?" என்று ஜெபமலரிடம் கேட்டேன்.

"அதை இங்க நான் சொல்லப்பிடாது. மேலே போய்ப் பாத்துக்கோங்க சாரே."

6.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வன்னியபெருமாள், வலியசாலை, மிளகாய்க் கடை எல்லாம் நான் கற்பித்தவை. கல்ஃப் மட்டும் என் வீட்டிலிருந்து எடுத்தது. வெள்ளிக்கிழமைக் கூட்டம் என் மகளுடைய பள்ளியில். ஐந்தாம் நாளும் எனக்குத்தான், இன்றைக்கு.

இது நான்காவது புதன். ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கிறது. மேலே நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள். ஜெபமலர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை. நானும் விவரம் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மேலே நோட்டுப் புத்தகம் கொண்டுபோகக் கூடாதாம். அதனால் முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அ என்றாலும் ஆ என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எழுத்தில் ஒளிந்துகொண்டேன், படியில் ஒளிய முடியாது. கைப்பிடியைப் பிடிக்க வேண்டும்.

இந்த நோட்டைக் கொஞ்சம் வைத்திருங்கள்.