பன்னிரண்டு மணிக்கு நூறு பவுண்டு

1972 நவம்பர் 6, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காலையில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. கும்மிடிப்பூண்டித் தவிட்டெண்ணெய் ஆலையின் கொதிகலன் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக அதற்கு நெருப்புப் போட்டுவந்த தேசப்பன், பொறியாளர் குப்புராஜின் மேசைக்கு முன்னால் நின்றார்.

பின்னாளில் தேசப்பன் அந்த ஆண்டை நினைக்கும்போதெல்லாம், ஈரத் தவிட்டின் வாசனையும் மீஞ்சூர்ப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலின் கூவலும்தாம் முதலில் வரும். படிப்புக்கு வரைந்த வண்ண அட்டவணை அதற்குப் பிறகே.

தேர்வெழுதிக் கொதிகலன் இயக்குநர் சான்றிதழ் பெற்று, கரி அள்ளும் மண்வாரியைக் கீழே வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. தேர்வு விண்ணப்பத்துக்குப் பொறியாளரின் பரிந்துரை தேவை. கடைசி நாள் நவம்பர் பதினைந்து. தவறினால் அடுத்த ஆண்டுதான். படிப்புக்கென அவர் வரைந்த அட்டவணையில் ஓரக்கோடு சிவப்பு, கட்டங்கள் நீலம், ஞாயிறு பச்சை.

"பாடத்துக்குக் கட்டம் போடுறியா, கோயிலுக்கு மதில் கட்டுறியா?" என்று கேட்பான் அடுத்த ஷிப்டு மோசஸ். "புக்க எப்ப நைனா தொறப்ப?"

"வரைஞ்சு முடிச்சதும்."

"அப்ப பொங்கலுக்குள்ள தொறந்துடுவ."

புத்தகத்தைத் திறந்தபோது நாள் போதவில்லை. நீராவி அழுத்தத்தை மணிக்கொருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். என்றும் அதே நூறு பவுண்டுதானே என்று, அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே இரண்டு மணி வரை எழுதி முடித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். பதினொன்றரைக்குக் கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு பழுதாகிவிட, அது வெடிக்காமலிருக்க நெருப்பை வாரி வெளியே கொட்டியவரும் அவரே. பதிவேடு நினைவுக்கு வரவில்லை. ஷிப்டு முடிந்ததும் அனுபவச் சான்றாக அதையே விண்ணப்பத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார்.

குப்புராஜ் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"பன்னெண்டு மணிக்கு நூறு பவுண்டுன்னு போட்டிருக்கீங்க தேசப்பன். நெருப்பே இல்லாத பாய்லர்ல எங்கிருந்து வந்துச்சு?"

"முன்னாடியே எழுதிக்கினேன் சார். படிக்க நேரம் வேணும்னு."

"பாய்லர் இன்ஸ்பெக்டர் கட்டம் நிரம்பியிருக்கான்னுதான் பார்ப்பாரு. பேசாம விட்டா யாருக்கும் தெரியாது."

அது சலுகையா, சோதனையா என்பது தேசப்பனுக்கு விளங்கவில்லை. மோசஸ் அந்த எண்களை நம்பித்தான் நாள்தோறும் மண்வாரியைத் தொடுகிறான் என்பது மட்டும் விளங்கியது. பேனாவை எடுத்தார். மூன்று வரிகளை அடித்து, 'நெருப்பு இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார். அடித்தல்கூட நேர்க்கோடாகவே விழுந்தது.

"வெளியில இருங்க" என்றார் குப்புராஜ்.

பாசஞ்சர் கூவிவிட்டுப் போயிற்று.

"இன்னா தேசப்பா, ரயிலை உட்டுட்ட?" என்றான் ஷிப்டுக்கு வந்திருந்த மோசஸ்.

"சாயந்தரம் இன்னொண்ணு வரும்டா."

"பரீட்சை?"

தேசப்பன் பொறியாளர் அறைக் கதவைப் பார்த்தார். ஒன்பது ஆண்டுகள் எரித்த கரியெல்லாம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தாற்போல் இருந்தது.

மூன்று மணிக்குக் குப்புராஜே எழுந்து வெளியே வந்தார். கையில் ஒரு தாள்:

'இவ்வாண்டு பரிந்துரைக்க இயலாது. ஆறு மாதப் பதிவேடு மணிக்கு மணி எழுதப்பட்டிருப்பின், அடுத்த தேர்வுக்குப் பரிந்துரைப்பேன். பணி முடிந்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம் என் அறையில் அமர்ந்து படிக்கலாம்.'

கீழே கையொப்பம். தேசப்பன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.