இருபத்தேழு வீடியோ

உவரியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் அலெக்ஸுக்குத் தன் கைமேல் நம்பிக்கை அதிகம். அதுதான் அன்று அவனைக் கவிழ்த்தது.

அவன் மகள் ஜாய்சிக்கு எட்டு வயது. ஒன்றரை வருடமாக ஒரு கோளாறு. பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். சற்று நேரத்தில் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். பள்ளிக்கூடத்தில் கவனமில்லை என்றார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்த இரண்டு டாக்டர்களும் வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். ஒருநாள் நடுரோட்டில் அப்படி நின்றவளைப் பஸ் மயிரிழையில் விட்டுவைத்தது.

அதன்பிறகு அவன் மனைவி ஜெர்லின், கண்ணில் பட்டபோதெல்லாம் அதைப் போனில் பிடித்தாள். இருபத்தேழு வீடியோ. போன் நிரம்ப நிரம்ப வீட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்தாள். மாதம் ஒருமுறை திருநெல்வேலிக்கு வரும் நரம்பு டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமை பார்க்க இடம் கிடைத்தது. வீடியோ இருந்தால் கொண்டுவரச் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் திறக்கவே அரைமணி நேரம் பிடித்தது. வீடியோ திக்கித் திக்கி நின்றது. பென் டிரைவில் ஏற்றினால் பாதியில் உறைந்தது.

"ஹார்டு டிஸ்க் ஓஞ்சிட்டு அண்ணாச்சி. எஸ்.எஸ்.டி.ன்னு புது வகை டிஸ்க் இருக்கு, அதப் போட்டா பறக்கும். இங்கன கொண்டாங்க, நானே மாத்தித் தாரேன்" என்றான் வள்ளியூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஹெப்ரான்.

"நாலு ஸ்க்ரூதானவே. நான் பாத்துக்கிடுதேன்" என்று புது டிஸ்க்கை மட்டும் வாங்கி வந்தான் அலெக்ஸ்.

சனிக்கிழமை விடிந்ததும் புது டிஸ்க்கைப் பழையதோடு சேர்த்து மாட்டினான். பழையதில் உள்ளதை அப்படியே நகலெடுக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து நகலெடுக்கும் மென்பொருளை இயக்கியதும், எதிலிருந்து, எதற்கு என்று திரை கேட்டது. இரண்டும் ஒரே அளவு, பெயர் வெறும் எண். தேர்ந்தெடுத்தான். 'எல்லாம் அழிக்கப்படும், சம்மதமா?' என்றது. புதியதைத்தானே சொல்கிறது என்று ஆம் கொடுத்தான்.

மதியம் நூறு சதவீதம் ஆயிற்று. புதியதை வைத்து இயக்கினான், கறுப்புத் திரை. பழையதை வைத்தான். அதுவும் கறுப்பு. காலி டிஸ்க்கை நிறைந்ததன்மேல் நகலெடுத்திருந்தான்.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வள்ளியூருக்குப் பறந்தான். ஹெப்ரான் இரண்டு மணி நேரம் முட்டிப் பார்த்தான்.

"முழுசா பூஜ்யமா எழுதிட்டு அண்ணாச்சி. தோண்டி எடுக்க ஒண்ணுமில்ல."

"ஒண்ணே ஒண்ணாவது பாருவே. உன் கால்ல விழுதேன்."

ஹெப்ரான் இரண்டு டிஸ்க்கையும் பையில் போட்டு அவனிடம் திருப்பிக் கொடுத்தான்.

வீட்டில் ஜெர்லின் கத்தவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "ஒவ்வொரு தடவையும் பிள்ளையப் பிடிக்காம போனப் பிடிச்சிட்டு நின்னேனே" என்றாள்.

அன்று இரவு ஜாய்சி தூங்கும்வரை இருவரும் போனும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தார்கள். அந்தக் கோளாறு வரவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் வரவில்லை. வரணும், இப்பவே அது வரணும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டிருந்த அலெக்ஸ், எதைக் கேட்கிறோம் என்று உறைத்ததும் சிலுவை போட்டுக்கொண்டான். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

திருநெல்வேலியில் டாக்டர் அம்மாவிடம் நடந்தது முழுவதையும் அவனே சொன்னான். அவர் மேசையிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்து ஜாய்சியிடம் நீட்டினார். "நிறுத்தாம ஊதிக்கிட்டே இரும்மா."

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். காற்றாடி வேகம் குறைந்து நின்றது. ஜாய்சியின் வாய் குவிந்தபடியே இருந்தது, இமை மட்டும் துடித்தது. டாக்டர் மெல்ல எண்ணினார். பதினொன்றில் பிள்ளை மறுபடி ஊதத் தொடங்கினாள்.

"இது வலிப்புல ஒரு வகை" என்றார் டாக்டர். "தொடர்ந்து வேகமா மூச்சை இழுத்து விட்டா வரும், அதான் ஊதச் சொன்னேன். இதுக்கு நல்ல மருந்து இருக்கு. எழுதித் தர்றேன்."

ஜெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜாய்சி அம்மா மடியில் தூங்கினாள். அலெக்ஸ் சன்னல் பக்கம் பார்த்தபடி, "வரணும்னு வேண்டினேன் ஜெர்லின். பெத்த பிள்ளைக்கு" என்றான்.

"நானுந்தான்" என்றாள் அவள்.