ரத்தம் கண்ட இடம்

"வாயை மூடிக்கிட்டுத் தேயிலேன்னுதானே சொல்லுதேன், அதுல என்னலே கஷ்டம்..."

"வாயை மூடிட்டா மூச்சை எங்கன விடுதது அண்ணாச்சி? ஒரு ஆளைப் பெரட்டிப் போட்டுத் தேச்சுப் பாத்திருக்கேளா நீங்க..."

"மூக்கு எதுக்குலே இருக்கு? மூக்கு?"

"மூக்காலயா கதை சொல்ல முடியும்? எங்கிட்ட வாரவுக பாதிப் பேரு கதை கேக்கதுக்குத்தான்..."

"ஒன் கதைய நாய் கேக்கும்! ஜவுளிக்கடை முதலாளி பாதியில எந்திச்சுப் போயிட்டாருலே, எண்ணெ வழிய வழிய. குனிஞ்சாலே செத்த எலி வாடை அடிக்குன்னு எங்கிட்ட வந்து நிக்காரு. நான் அவருக்கு என்ன பதில் சொல்லட்டும்? சொல்லு."

சுடலை வாயை மூடிக்கொண்டான். முழங்கை வரைக்கும் நல்லெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. முதலாளி எழுந்து போன பலகையில் அவருடைய முதுகு அளவுக்கு எண்ணெய்த் தடம் கிடந்தது. அதன் மேல் சாரல் விழுந்து முத்து முத்தாக நின்றது.

குற்றாலத்தில் அந்தப் பங்களாவின் பின்கட்டில் மொத்தம் மூன்று பலகைகள். அருவிக்குப் போகுமுன் பங்களாவில் தங்குகிறவர்கள் அங்கேதான் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். நடுப்பலகை பன்னிரண்டு வருஷமாகச் சுடலையுடையது. ஒரு சீசன் பலகையை விட்டவனுக்கு அடுத்த சீசன் அது திரும்பக் கிடைத்ததாக அந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. ஆனிக் கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் அந்தப் பலகை. மற்ற மாசமெல்லாம் இலஞ்சி வயல்களில் கூப்பிட்டால் கூலி, கூப்பிடாவிட்டால் சும்மா. வீட்டில் மூன்று பிள்ளைகள் வருஷம் முழுக்கத் தின்பது பெரும்பாலும் இந்தப் பலகையிலிருந்துதான்.

பங்களா மேனேஜர் ஆவுடைநாயகம் பிள்ளை குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டை வக்கீலய்யா வாராவ. அதுக்குள்ள அந்த நாத்தத்தை நிறுத்துததுக்கு வழியப் பாரு. இல்லேன்னா நடுப்பலகையில மாடன் நிப்பான். பொறவு எம்மேல வருத்தப்படப்படாது."

ஓரப்பலகையில் யாரோ ஒருவரின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மாடன் காதில் விழாததுபோலத் தட்டினான். இலத்தூர்க்காரன். இரண்டாவது சீசன். முப்பது வயதுக்குள்தான். சிரித்தால் ஈறு ஒட்டிப் பிடித்த பல் வரிசை தெரியும்.

"ஏலே மாடா, கேட்டியா?" என்றான் சுடலை, மேனேஜர் போன பிறகு.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி நடுப்பலகை? நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

அவன் சொன்ன விதத்தில் பொய் இல்லை. அதனால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

அடுத்து வந்தவர் அருவியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர். சுடலை வாயைத் துண்டால் பொத்திக் கட்டிக்கொண்டு தேய்த்தான். சிராய்ப்பை நெருங்கியதும் கட்டைவிரல் தானாக வட்டம் போட்டு விலகிப் போனது. ரத்தம் கண்ட இடத்தில் கை வைக்கக்கூடாது, எண்ணெய்கூடப் படக்கூடாது, சுத்திப் போயிடணும். பலகைக்கு வந்த முதல் நாள் அவனுக்குச் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கை தானாகப் பழகியது.

சாயங்காலம் வீட்டில் அவன் சோற்றை இடது கடைவாயிலேயே ஒதுக்கி மென்றான். முப்பிடாதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதங்கிழமை தென்காசியில பல் டாக்டரு வாராராம்லா. திருநவேலியிலருந்து. போயிட்டு வாங்களேன்."

"சீசன்லயா? ஒரு நாள் போனா..."

"சீசன்லயும் போவ மாட்டிய. சீசன் முடிஞ்சா நாத்து நடவு, கூலி போயிரும்பிய. எந்த மாசந்தான் போவிய? ஆறு வருசமாத் தலகாணி உறையில ரத்தக்கறை தொவைக்கேன் நானு."

"ஏட்டி, மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேட்டா என்ன? பல்லு வளருதுன்னு நாந்தானே மொதல்ல சொன்னேன். நீங்க சிரிச்சிய."

சிரித்தது நினைவிருந்தது. அவனுடைய பல் ஒரு காலத்தில் பந்தயப் பல். உரிக்காத தேங்காயை வாயாலேயே மட்டை கிழித்துப் போடுவான். பக்கத்துத் தோப்புக்காரர்கள் கூடிநின்று பார்ப்பார்கள். பிறகு ஒரு நாள் கொய்யாப்பழம் கடித்தான். கடித்த வெள்ளையில் சிவப்பாக ஒரு கோடு. மறுநாள் காலையில் கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்க்கும்போது துப்பியதில் சிவப்பு. மேல் வரிசை முன்பல்லுக்கு மேலே ஈறு லேசாக உப்பியிருந்தது. வலி இல்லை. ரத்தம் கண்ட இடம். சும்மா விட்டால் ஆறும் என்று அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவில்லை. தண்ணீரை அள்ளிக் கொப்புளித்ததோடு சரி.

ஆறவில்லை. ரத்தம் பக்கத்துப் பல்லுக்குப் போனது. அங்கேயும் தேய்ப்பதை விட்டான். வெற்றிலையோடு ஒரு சிட்டிகைப் புகையிலையை அந்த இடத்தில் அடக்கி வைத்தால் மரத்துப்போய்ச் சுகமாக இருந்தது. ஈறு நாவல்பழ நிறத்துக்கு வந்தது. பல் நீளமாகத் தெரிந்தது. காலையில் எழுந்தால் வாயில் உப்புச் சுவை. விரலால் அமுக்கினால் மஞ்சளாக ஒரு சொட்டு. போன சீசனிலிருந்து நாக்கு பட்டாலே முன்பல் அசைகிறது. வாடையை அமுக்கக் கிராம்பு வாங்கினான். கிராம்பு தீர்ந்தால் இன்னும் கொஞ்சம் வெற்றிலை.

"போறேன்" என்றான்.

"போறேன்னு போன வருசமும் சொன்னிய."

"இந்தப் புதங்கிழமை போறேம்ட்டி. வக்கீலய்யா வாரதுக்குள்ள சரியாக்கணும். அவுகளுக்கு ஒரு கதை மிச்சம் இருக்கு."

போன வருஷம் வக்கீல் முத்துக்குமாரசாமிக்கு ஒற்றை யானைக் கதை ஒன்றைப் பாதியில் நிறுத்தியிருந்தான். செங்கோட்டை வழியாகக் கட்டை ஏற்றி வந்த வண்டியை யானை மறித்து நிற்கிற இடத்தில் அருவியில் கூட்டம் குறைந்துவிட்டதென்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். 'மிச்சத்தை அடுத்த வருசத்துக்கு வச்சிரு லே' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நெல் வயலில் களை பிடுங்கும்போது அந்த மிச்சத்தை அவன் பலமுறை சரிபார்த்து வைத்திருந்தான். யானை வண்டிக்காரனை என்ன செய்தது என்பதில் மூன்று முடிவுகள் இருந்தன.

புதன்கிழமை விடியும்போதே தென்காசி பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு முன்னால் இருபது பேர் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் கன்னம் வீங்கிய குத்துக்கல்வலசைக்காரர் ஒருவர்.

"உமக்கு எந்தப் பல்லு வே?"

"முன்னால. எல்லாந்தான்னு வச்சுக்கிடும்."

"வலி தாங்கலியோ?"

"வலியே இல்ல."

"வலி இல்லாதவன் இங்க எதுக்குவே வந்து இடத்தை அடைக்கீரு?" என்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு முறை வந்தது. டாக்டர் களைத்துப் போயிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் சிவந்திருந்தது. சின்னக் கொக்கி ஒன்றால் ஈறின் ஓரத்தில் தொட்டார். கொக்கி ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஏதோ ஒன்றைச் சுரண்டி எடுத்துத் தட்டில் போட்டார். 'டிக்' என்று சத்தம் கேட்டது.

"கல்லா ஐயா?"

"காரை. வெந்நீர்ப் பானையில உப்புப் படியும்லா, அந்த மாதிரி. தின்னது பல்லுக்கு அடியில தங்கித் தங்கி இப்படி ஆயிட்டு. எத்தனை வருஷமா ரத்தம் வருது?"

"இருக்கும் ஐயா, ஆறேழு வருசம்."

"அப்ப என்ன செஞ்சே?"

"அந்த எடத்துல தேய்க்கதை நிறுத்திட்டேன்."

டாக்டர் தலையை நிமிர்த்தினார். "யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ரத்தம் கண்ட எடத்துல கை வைக்கப்படாதுல்லா ஐயா. நமக்கு எண்ணெ தேய்க்கது தொழிலு."

டாக்டர் கொக்கியைத் தட்டில் வைத்தார்.

"முதுகு வேற, ஈறு வேறய்யா. ரத்தம் வந்தப்போ தினம் ரெண்டு வேளை சுத்தமாத் தேச்சு, இந்தக் காரையையும் எடுத்திருந்தா பத்து இருவது நாள்ல அடங்கியிருக்கும். ஈறு பழையபடி இறுகியிருக்கும். நீ விட்டுட்டே. ஈறு பல்லை விட்டுக் கழண்டு பை மாதிரி ஆயிட்டு. பைக்குள்ள சீழ். அடியில பல்லைப் பிடிச்சிருக்க எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டு. பல்லு நீளல, அதைப் பிடிச்ச தரைதான் எறங்கிட்டு. பயோரியாம்பாங்க."

"வலிக்கவே இல்லியே ஐயா."

"வலிக்காது. வலிச்சிருந்தா நீ அப்பமே வந்திருப்பே."

சுடலை தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வாடை நின்னுருமா ஐயா?"

"முன்னால அஞ்சு நிக்காது. அதை எடுத்தாத் தீரும். மத்ததைச் சுரண்டிக் காப்பாத்திப் பாக்கலாம். அதுக்கு நாலு புதங்கிழமை வரணும்."

"நாலா?" நாலு புதன்கிழமையில் பாதிச் சீசன் போய்விடும். "அஞ்சையும் இன்னைக்கே எடுத்துருங்க ஐயா."

"ஒரே நாள்லயா? மூஞ்சி வீங்கிரும்."

"வீங்கட்டும்."

ஊசி போட்டு எடுத்தார். ஒவ்வொன்றும் சேற்றில் நட்ட குச்சி மாதிரி வந்தது. மேலே மூன்று, கீழே இரண்டு. பஞ்சைக் கடிக்கச் சொல்லி, "ரெண்டு நாளைக்குப் பேச்சைக் கொறை. புகையிலை ஆகாது. மிச்சப் பல்லை, ரத்தம் வந்தாலும் தேய்க்கணும். கேட்டியா?" என்றார்.

சுடலை தலையாட்டினான். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் பஞ்சை மாற்றினான். உள்ளங்கையில் காகிதப் பொட்டலம். உள்ளே ஐந்து பல். வேரோரம் பச்சையும் கறுப்புமாகக் காரை. பல் ஒன்றில்கூடச் சொத்தை இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளென வந்து நடுப்பலகையைக் கழுவி வைத்தான். மேனேஜர் வந்தார்.

"போயிட்டு வந்தியாமே. நல்லது. எங்க, கிட்டக்க வா. ஊது."

ஊதினான். மேனேஜர் மோந்து பார்த்தார்.

"கொறைஞ்சிருக்கு. கொறைஞ்சுதான் இருக்கு. எங்க, வாயைத் தெற." திறந்தான். "சவம், மூடு, மூடு!"

மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உதடு வீங்கி நீலம் பாரித்திருந்தது. உள்ளே தையல் இல்லாத பள்ளம்.

"இந்த மூஞ்சியோட அவுக தலைமாட்டுல போய் நிப்பியாலே? குடும்பத்தோட வந்திருக்காவ. சின்னப் பிள்ளைக பாத்தாப் பயந்துரும்."

"நாலு நாள்ல வடிஞ்..." பல் இல்லாத இடத்தில் காற்று சீறிக்கொண்டு போனது. எச்சில் தெறித்தது. அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"நான் உன்னைப் போகச் சொல்லல. பாவம், பழைய ஆளு. தலைமாட்டுல மாடன் நிக்கட்டும். நீ காலைத் தேயி, பாதிக் கூலி. ஆனா ஒண்ணு. மாடன் அவுக கண்ணுல எண்ணெ விட்டதுக்கு அப்புறமா வா. வாயைத் தெறக்காத. எண்ணெக் கண்ணு தெறக்கதுக்குள்ள போயிரு."

சுடலை விறகுக் கொட்டகையில் போய் நின்றான். அருவிச் சத்தம் பெரிதாகக் கேட்டது. நல்ல தண்ணீர் விழுகிறது. வக்கீல் வருவதும், பலகை முனகுவதும், மாடன் "கண்ணை மூடிக்கிடுங்க ஐயா" என்று சொல்வதும் வரிசையாகக் கேட்டன. மேனேஜர் விரலைச் சொடுக்கினார்.

காலடியில் போய் உட்கார்ந்தான். எதிரே தெரிந்த முகத்தில் மூடிய இமைகளின் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தது. அதே வெள்ளைக் கால்கள். இடது கெண்டைக்காலில் முடிச்சு விழும் என்று அவன் கைக்குத் தெரியும். பெருவிரலை அங்கே கொண்டுபோய் அழுத்தினான். முடிச்சு அவிழ்ந்தது.

"ஆ..." என்றார் வக்கீல். "தலையில யாரு?"

"மாடன் ஐயா. இலத்தூர்."

"கால்ல?"

மாடன் சுடலையைப் பார்த்தான். சுடலை மேனேஜரைப் பார்த்தான்.

"அது புது ஆளு ஐயா. ஊமை" என்றார் ஆவுடைநாயகம் பிள்ளை.

கை ஒரு கணம் நின்று, மறுபடியும் ஓடியது. கணுக்காலுக்கு மேலே செருப்பு வார் கடித்த புண் ஒன்று, காய்ந்தும் காயாமலும், நடுவில் ஒரு பொட்டு ரத்தத்தோடு. கட்டைவிரல் அதனருகே போனது. தானாக வட்டம் போட்டு விலகியது.

வக்கீல் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"பாரேன், புண்ணுல படாமச் சுத்திப் போகுத சொகத்தை. அப்படியே நம்ம சுடலை கைதான். அவன் எங்க வே இந்த வருசம், ஆளையே காணோம்? நடுரோட்டுல யானைய நிறுத்திட்டுல்லா போயிருக்கான், மிச்சத்தை எனக்கு யாரு சொல்லுவா?"